இரண்டாவது மருந்து நோட்டு

குனிஹிகோ வீட்டை விட்டுக் கிளம்பினால் ஒரு ரயிலே கிளம்புகிற மாதிரி இருக்கும்.

வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு, திரும்பி நின்று, வலது கை ஆள்காட்டி விரலை விறைப்பாக நீட்டுவான். "காஸ், மூடியாச்சு! பின் ஜன்னல், சாத்தியாச்சு! சாவி, இருக்கு!" கடைசியில் விரல் மனைவி பக்கம் திரும்பும். "மிசாவோ, சரி!"

ரயில் ஓட்டுகிறவர்களுக்கு இது ஊறிப்போன பழக்கம். சிக்னலோ கடிகாரமோ கதவோ, எதையும் விரல் நீட்டிக் காட்டி வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் வண்டியை நகர்த்துவார்கள். தொத்தோரிக் கடற்கரை ஓரமாகப் போகும் ஒற்றைப் பெட்டி ரயிலை குனிஹிகோ இருபத்தெட்டு வருஷமாக ஓட்டுகிறான். கல்யாணமான மறுநாளே மிசாவோவும் அவன் பட்டியலில் சேர்ந்துவிட்டாள், காஸுக்கும் சாவிக்கும் பின்னால்.

இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. அதனால் அந்த வீட்டில் மரியாதைக்கு அவ்வளவாக வேலையில்லை.

"நீ விரலைத்தான் நீட்டறே, கண்ணு கைக்கடிகாரத்துல இருக்கு. என் தலையில தீப்பிடிச்சு எரிஞ்சாலும் 'சரி'ன்னுட்டுப் போயிடுவே" என்பாள் மிசாவோ.

"எரிஞ்சா வாசனை வருமே" என்பான் அவன், தெருவில் இறங்கிக்கொண்டே.

நவம்பர் இரண்டாம் வாரம். நண்டு சீசன் தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. துறைமுகத்துக் கூடத்தில் நண்டுக் கால்களில் படகுப் பெயர் போட்ட வில்லை கட்டுவது மிசாவோவின் வேலை. அன்று அவளுக்கு மதியம்தான் முறை. காலையில் நிதானமாக மிசோ சூப் சுட வைத்துக் கொடுத்தாள். அவன் பாதியிலேயே கிண்ணத்தை வைத்துவிட்டான்.

"மறுபடியும் தலைவலியா?"

"இடது பக்கம். சுரங்கத்துக்குள்ள போய் வந்தா இப்படித்தான்."

"மூணு வாரமா அந்தச் சுரங்கத்தையே திட்டிக்கிட்டு இருக்கே. டாக்டர்கிட்ட போயேன்."

"போறேன், போறேன்."

வாசலில் திரும்பினான். விரல் அடுப்பைக் காட்டியது.

"காஸ், பச்சை!"

மிசாவோ சிரித்துவிட்டாள். "சிக்னலா அது?"

விரல் ஜன்னலுக்குப் போனது. "காஸ், பச்சை!" சாவிக்கு வந்தது. "காஸ்... பச்சை..." அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவனே திடுக்கிட்டுப் போயிருந்தான். வலது கையில் இருந்த தொப்பி நழுவி ஷூக்களின் மேல் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தான், விரல்கள் மடங்கவில்லை.

அப்படியும் கதவைத் திறந்து கிளம்பத்தான் போனான். ஏழு இருபத்தெட்டு வண்டி அவனுடையது. மிசாவோ குறுக்கே வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வண்டி நகராது" என்றாள். அவள் குரலே அவளுக்கு அன்னியமாக இருந்தது. ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தாள்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டர் இகுதா. நாற்பது வயசுப் பெண்மணி, குள்ளம், கொண்டையில் எப்போதும் ஒரு பேனாவைச் செருகியிருப்பார். ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். மூளையின் இடது பாதியில் அங்கங்கே வெள்ளையாகச் சின்னச் சின்ன புள்ளிகள். ரத்தக் குழாய்களை மட்டும் எடுத்த படத்தில், ஒரே சீராக ஓட வேண்டிய கோடுகள் மணி கோத்த மாதிரி இறுகியும் உப்பியும் கிடந்தன.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ங்க அழற்சியாகி வீங்கியிருக்கு. உள்ளே வழி குறுகிப்போச்சு. ஒரே லைன்ல பல இடத்துல ரயில் ஊர்ந்து போகுதுன்னு வச்சுக்கங்க. சில இடத்துல நின்னே போச்சு. அந்த இடத்துலதான் பேச்சும் வலது கையும் மாட்டிக்கிச்சு."

"சரியாயிடுமா டாக்டர்?"

"எதனால வந்ததுன்னு தெரிஞ்சா வழி இருக்கு. கிருமியாலயும் வரும். கிருமியே இல்லாம, உடம்பு தன் ரத்தக் குழாயையே எதிரின்னு நினைச்சுத் தாக்கியும் வரும். முதல் வகைன்னா கிருமியைக் கொல்லணும். ரெண்டாவதுன்னா உடம்போட எதிர்ப்புச் சக்தியை அடக்கணும். மாத்திச் செஞ்சா ஆபத்து. அதனாலதான் இத்தனை கேள்வி கேக்கறேன். மருந்து நோட்டு இருக்கா?"

மிசாவோ கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எந்த மருந்துக் கடையில் எந்த மருந்து வாங்கினாலும் அதன் சீட்டை ஒட்டிக் கொடுக்கிற சின்ன நோட்டு. குனிஹிகோவின் நோட்டை டீ அலமாரி இழுப்பறையில் வைத்துப் பாதுகாப்பது அவள்தான். ரத்தக் கொதிப்பு மாத்திரை, போன வருஷத்து இருமல் மருந்து, அவ்வளவுதான் இருந்தது.

"வேற எதுவும் இல்லையே? இந்த வருஷம் அக்கி மாதிரி கொப்புளம் ஏதாவது வந்துச்சா?"

"இல்லவே இல்லை டாக்டர். வந்திருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா? அவனுக்கு எந்தப் பல்லு ஆடுதுன்னு கேட்டாக்கூடச் சொல்வேன்."

டாக்டர் கொண்டையிலிருந்து பேனாவை உருவி 'அக்கி இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்தார்கள். அழற்சி தெரிந்தது, கிருமி அகப்படவில்லை. மூன்று நாள் ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் ஏற்றினார்கள். நாலாம் நாள் அவன் "தண்ணி" என்றான். மிசாவோ கோப்பையோடு ஓடி வந்த வேகத்தில் பாதி அவன் சட்டையிலேயே கொட்டிவிட்டது.

அவன் வலது மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் பெயர்ப் பட்டை கட்டியிருந்தார்கள். அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"என் வேலையை இங்கேயும் செஞ்சிருக்காங்க பாரு. முடிச்சு மட்டும் சுமார். முதல் தரமா, ரெண்டாந்தரமான்னு வேற போடல."

அவன் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அந்த அரைச் சிரிப்பை நம்பி அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டாள்.

ஆனால் எட்டாம் நாள் 'தண்ணி'யும் போய்விட்டது. வலது காலும் துவண்டது. புதிய ஸ்கேனில் இரண்டு புள்ளிகள் கூடியிருந்தன.

டாக்டர் இகுதா மிசாவோவை உட்கார வைத்தார். "வியாழக்கிழமை மண்டையோட்டில சின்னதா ஒரு துளை போட்டு, மூளையிலேர்ந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கணும். உடம்பே தாக்கறதுதான் காரணம்னு உறுதியாச்சுன்னா, எதிர்ப்புச் சக்தியை இன்னும் பலமா அடக்கற மருந்தை ஆரம்பிக்கணும். மாசக்கணக்குல."

"துணுக்கு எடுக்கற இடம்..."

"பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்துல. உங்ககிட்ட மறைக்கல."

மிசாவோ சம்மதப் பத்திரத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். கட்டிலருகே வந்து உட்கார்ந்து ஒரு பேரிக்காயை மெல்லிசாகச் சீவினாள். அவன் மென்று விழுங்கும் வரை ஒவ்வொரு துண்டுக்கும் காத்திருந்தாள். "என் பேரு என்ன, சொல்லு" என்றாள். அவன் உதடுகள் எதையோ தேடித் தேடிச் சோர்ந்து போயின. கண் ஓரத்தில் நீர் வழிந்தது. "பரவாயில்லை, நானும் பல தடவை மறந்திருக்கேன்" என்று துடைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கமேதா வந்தான். குனிஹிகோவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவன், அதே லைனில் ஓட்டுகிறவன். டிப்போவில் குனிஹிகோவின் அலமாரியைக் காலி செய்து பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தான்.

"எழுந்திருடா சோம்பேறி. உன் ஏழு இருபத்தெட்டை நான் ஓட்டறேன். ஸ்கூல் பசங்க எல்லாம் 'அந்தக் கத்தற மாமா எங்கே'ன்னு கேக்கறாங்க." கட்டிலில் கிடந்தவன் அவனையே பார்த்தான். கமேதா பையை மிசாவோவிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மிசாவோ ஒவ்வொன்றாக எடுத்தாள். பாக்கெட் கடிகாரம். மூன்று ஜோடி வெள்ளைக் கையுறை. இருமல் மிட்டாய் டப்பா. அடியில் ஒரு சின்ன நோட்டு, அட்டையில் முயல் படம்.

மருந்து நோட்டு.

"இது யாருது? அவனோடது எங்கிட்ட இல்ல இருக்கு?" பிரித்தாள். முதல் பக்கத்தில் குனிஹிகோவின் பெயர். ஒரே ஒரு சீட்டு. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கும் ஊர், ஒரு தோல் டாக்டர். ஏழு நாளைக்கு மாத்திரை. மருந்தின் பெயர் அவளுக்குப் புரியவில்லை.

"கமேதா சான், இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கமேதா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. அவன் கழுத்து சிவந்து போவதை அவள் பார்த்தாள்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"அவன்... சொல்லாதேன்னான், மிசாவோ சான்."

"என்னத்தை?"

"அக்கி. நெத்தியில, இடது பக்கம். முடிக்குள்ள வரைக்கும் போயிருந்துச்சு. நீங்க அப்போ ஒசாக்காவுல இருந்தீங்க."

ஆகஸ்டில் தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் என்று மூன்று வாரம் ஒசாக்காவில் இருந்தாள். திரும்பி வந்தபோது அவன் நெற்றியில் லேசான தழும்பு. புல் வெட்டும்போது பூச்சி கடித்தது என்றான். 'பூச்சிக்குக்கூட உன்னைப் பிடிச்சிருக்கே' என்று சொல்லிவிட்டுப் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அடுக்கப் போய்விட்டாள்.

"ஏன் மறைச்சான்?"

"பாலம்" என்றான் கமேதா.

அவன் மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் புயலில் அடித்துக்கொண்டு போன ஆற்றுப் பாலம். அக்டோபர் முதல் தேதி திறப்பு. முதல் வண்டியை ஓட்டக் குனிஹிகோவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆகஸ்டில் அதற்குப் பயிற்சி ஓட்டம். தினமும் வண்டி எடுப்பதற்கு முன் அதிகாரி எதிரில் நின்று 'உடம்பில் கோளாறு ஏதும் இல்லை' என்று உரக்கச் சொல்ல வேண்டும். அக்கி என்று சொன்னால் அன்றே இறக்கிவிடுவார்கள், வேறு ஆள் ஏறிவிடுவான்.

"வலி ஜாஸ்தியா இருந்த நாலு நாள் அவன் முறையை நான் ஓட்டினேன். பல்வலின்னு எழுதிக் கொடுத்தான். உள்ளூர் மருந்துக் கடைக்குப் போனா உங்க காதுக்கு வந்துடும்னு பஸ் ஏறிப் போனான். நம்ம ரயில்ல போனாக்கூட எவனாவது பார்த்துடுவானாம். பழைய நோட்டு உங்ககிட்ட இருந்ததால அங்கேயே புதுசு வாங்கிட்டான்... ஆனா அக்கிதான் ஆறிப்போச்சே, மிசாவோ சான்? அதுக்கும் இதுக்கும் என்ன?"

மிசாவோவுக்கு டாக்டர் கொண்டையிலிருந்து பேனா உருவியதும் 'அக்கி இல்லை' என்று எழுதியதும்தான் கண் முன்னால் நின்றன. நோட்டோடு ஓடினாள். லிஃப்ட் வரவில்லை, படியில் இரண்டு மாடி ஏறினாள்.

டாக்டர் இகுதா நர்ஸ்கள் அறையில் நின்றுகொண்டே அரிசி உருண்டை தின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர், நான் தப்பாச் சொல்லிட்டேன். வந்திருக்கு. அக்கி வந்திருக்கு. எனக்குத் தெரியல."

டாக்டர் சீட்டைப் படித்தார். பாதி உருண்டையைக் காகிதத்தோடு வைத்துவிட்டு நேராகக் குனிஹிகோவின் கட்டிலுக்கு வந்தார். டார்ச்சை அடித்து, இடது நெற்றிக்கு மேல் முடியை விரலால் விலக்கினார். வெளுத்த சின்னக் குழிகள், வரிசையாக.

டார்ச்சை அணைத்தார்.

"நீங்க சொன்னதை எழுதிக்கிட்டேன். முடியை விலக்கிப் பார்த்திருக்கணும், பார்க்கல. அது என்னோட வேலை, உங்களுது இல்லை" என்றார்.

"இதனாலதானா டாக்டர்?"

"ரொம்ப சாத்தியம். சின்ன வயசுல வந்த அம்மைக் கிருமி போயிடறதில்லை, நரம்புக்குள்ள தூங்கும். எழுந்தா அக்கி. நெத்தியில வந்த அக்கி சில பேருக்கு அந்த நரம்பு வழியாவே மூளையோட ரத்தக் குழாய்க்குப் போயிடும். தோல் ஆறி வாரக்கணக்கா ஆனப்புறம்தான் காட்டும்."

"கிருமி இல்லைன்னு வந்துச்சே?"

"கிருமியைத் தேடினோம், கிடைக்கல. இந்த நோய்ல பல சமயம் அது கிடைக்காது. அதை எதிர்க்க உடம்பு செஞ்ச பொருள்தான் தண்டுவட நீர்ல இருக்கும். அதைத் தேடச் சொல்லி அனுப்பறேன். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். மருந்தை இப்பவே ஆரம்பிக்கறேன்."

"வியாழக்கிழமை?"

"துளை வேண்டாம். இப்போதைக்குத் தள்ளி வைக்கறேன். எதிர்ப்புச் சக்தியை அடக்கற அந்தப் பெரிய மருந்தும் வேண்டாம். நல்ல வேளை, அதைத் தொடங்கல."

கால் மணி நேரத்தில் புதுப் பாட்டில் தொங்கியது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பதினாலு நாள். மிசாவோ கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"முட்டாள்" என்றாள். "ஒரு பாலத்துக்காகவா? அன்னைக்கு நான் பிளாட்பாரத்துல நின்னு கொடி ஆட்டினேன், ஞாபகம் இருக்கா? நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எவ்வளவு அழகா ஓட்டறான்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டேன். தோல் ஆறினப்புறமும் தொப்பிக்குள்ள எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு உனக்கு." அவன் கண் மூடியிருந்தது. அவள் அவன் நெற்றித் தழும்பின் மேல் விரலை வைத்தாள், வலித்துவிடும் போல மெல்ல. "நானும் முட்டாள்தான்" என்றாள், அவன் காதில் விழாத மாதிரி.

அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. டாக்டர் நினைத்ததேதான். அதற்குள் கால் அசையத் தொடங்கியிருந்தது. ஸ்டீராய்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்கள். அடுத்த ஸ்கேனில் புதிய புள்ளி இல்லை, மணி கோத்த கோடுகள் பாதிக்கு மேல் நேராகியிருந்தன. 'தண்ணி' திரும்பி வந்தது. பிறகு 'சூடு', 'போதும்', ஒரு நாள் கமேதாவைப் பார்த்து 'லேட்'.

"நான் ஓட்டற வண்டி ஒரு நிமிஷம்கூட லேட்டில்லைடா!" என்று கமேதா சத்தம் போட்டுவிட்டு, வராந்தாவுக்குப் போய் மூக்கைச் சிந்தினான். முந்தின நாள்தான் அவன் அதிகாரியிடம் போய் அந்த நாலு நாள் விஷயத்தைத் தானாகவே சொல்லிவிட்டு வந்திருந்தான்.

ஒன்று மட்டும் டாக்டர் ஒளிக்கவில்லை. பேச்சு இன்னும் கூடும், கையும் கூடும், ஆனால் ரயில் ஓட்ட முடியாது. குனிஹிகோ கேட்டுக்கொண்டு தலையாட்டினான். பாக்கெட் கடிகாரத்தை இடது கையால் எடுத்து, சாவி கொடுத்து, மிசாவோவின் கையில் வைத்தான்.

டிசம்பர் இருபதாம் தேதி வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் காலையிலேயே பேச்சுப் பயிற்சிக்குக் கிளம்பினார்கள், ஒன்பது பத்துக்கு பஸ். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. மிசாவோ அவனுக்கு ஷூவை மாட்டிவிட்டு, மப்ளரைச் சுற்றிவிட்டு, கதவில் கை வைத்தாள்.

அவன் நகரவில்லை. திரும்பி நின்றான்.

வலது கை மெதுவாக எழும்பியது. பாதியில் தொங்கியது. இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். விரல் முழுசாக நீளவில்லை.

"கா...ஸ்." அடுப்பைப் பார்த்தான். குமிழைப் பார்த்தான். "மூடி...யாச்சு."

"ஆமா, மூடியாச்சு."

"ஜன்னல்..." நெற்றியைச் சுருக்கினான். "தொறந்திருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். பின் ஜன்னல் ஒரு விரல்கடை திறந்துதான் இருந்தது. மீன் வாசனை போக அவளே திறந்துவிட்டு மறந்திருந்தாள். ஓடிப் போய்ச் சாத்திவிட்டு வந்தாள். "சாவி, இருக்கு" என்று அவன் பங்கையும் சேர்த்து அவளே சொல்லி, பையைத் தட்டிக் காட்டினாள்.

விரல் அவள் பக்கம் வந்தது.

மிசாவோ சிரித்த முகமாக நின்றாள். ஆஸ்பத்திரியில் ஐந்து வாரமாக வைத்துக்கொண்டிருந்த அதே சிரிப்பு. 'இல்லவே இல்லை டாக்டர்' என்று தான் சொன்னதை அவனிடம் அவள் சொல்லவில்லை. உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வைத்திருந்தாள். வாசலுக்கு எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் யாரோ குடையை உதறும் சத்தம் கேட்டது.

"மி...சாவோ."

அவள் பெயர். நோய் வந்த பிறகு முதல் தடவை. ஆனாலும் அவள் சிரிப்பை விடவில்லை. "ஆ, சொல்லு. 'சரி'ன்னு சொல்லிட்டுக் கிளம்பு, பஸ் வந்துடும்."

அவன் சொல்லவில்லை. விரலை நீட்டியபடி அவள் முகத்தையே பார்த்தான். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை, இறுகப் பிடித்திருந்த உதட்டை, நண்டு முள் குத்தி ஆறாத விரல்களை. பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. அவன் அவசரப்படவில்லை.

"சரி..." என்றான். தலையை ஆட்டினான். "சரி... இல்லை."

மிசாவோவின் முகம் அப்படியே கலைந்துவிட்டது. "எப்படித் தெரியும் உனக்கு?" என்றாள். கூடவே விசும்பல் வந்துவிட்டது.

"பாத்தேன்" என்றான் குனிஹிகோ.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் படியில் மெல்ல உட்கார்ந்தான். பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டு, நல்ல கையால் அந்த இடத்தைத் தட்டினான். அவள் உட்கார்ந்து அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "டாக்டர் கேட்டப்போ நான்..." என்று ஆரம்பித்தாள். மீதியை மப்ளருக்குள் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

வெளியே பஸ் கதவை மூடிக்கொண்டு கிளம்பியது. இருபத்தெட்டு வருஷமாக ஒரு நிமிஷம் பிந்தாதவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடுத்த... பஸ்" என்றான்.